வெள்ளிக்கிழமைப் பூஜ்யம்

காளியண்ணனுக்குக் கணக்கு என்றால் உயிர். ஆனால் நீளமாக எதைக் கொடுத்தாலும் படிக்க மாட்டார். புதுச்சத்திரத்துக்கு மேற்கே இருக்கும் அவருடைய முட்டைக்கோழிப் பண்ணையில் எட்டு ஷெட்டுகள். அந்தந்த ஷெட்டில் வேலை செய்பவர்கள் தினமும் காலையில் செத்த கோழிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, எத்தனை என்று பண்ணைப் போனில் தட்டிவிட வேண்டும். அது ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்து விழும். நாள், ஷெட், செத்தது எத்தனை என்று ஒன்றன் கீழ் ஒன்றாக வரிகள் சேர்ந்துகொண்டே போகும். மாதக் கடைசியில் அன்புச்செல்வி அதை அச்செடுத்து மேசைமேல் வைப்பாள். காளியண்ணன் முதல் பக்கத்தைப் பார்ப்பார், கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார், நடுவில் இருப்பதற்கு மேல் டீ டம்ளரை வைத்துவிடுவார்.

அன்றைக்கு டம்ளரை எடுத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

“இது என்ன அம்முணி, அனுமாரு வாலாட்டம் போயிட்டே இருக்குது? ஒரு வாரத்துக்கு ஒரே தாளு. எடது பக்கம் ஷெட்டு, மேல ஞாயிறு, திங்கள், செவ்வாய்னு கெழம. குறுக்கப் பாத்தா ஒரு ஷெட்டு தெரியோணும், நெட்டப் பாத்தா ஒரு நாளு தெரியோணும். முடியுமா முடியாதா?”

“முடியுங்க” என்றாள் அன்புச்செல்வி.

அவள் ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். பெங்களூருக்குப் போகிறேன் என்று வீட்டில் சண்டை போட்டுத் தோற்று, இந்தப் பண்ணை ஆபீசுக்கு வந்து சேர்ந்தவள். வந்த புதிதில் கோழி வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது அந்த வாடை அவள் துணியிலும் ஏறிவிட்டதால் அவளுக்கே தெரிவதில்லை. சம்பளப் பட்டியல் அடிப்பது, தீவன லாரிக்குச் சீட்டுப் போடுவது என்று படித்ததற்குச் சம்பந்தமில்லாத வேலைகளே செய்துகொண்டிருந்தவளுக்கு, கீழே கீழே கிடக்கிற வரிகளை மேலே எழுப்பிப் பத்திகளாக நிற்கவைக்கச் சொன்னதும் கை பரபரத்தது.

அது ஒன்றும் பெரிய மந்திரமில்லை, கம்ப்யூட்டருக்கு ஒரு கேள்வி எழுதிக் கொடுப்பதுதான். கிழமை ஞாயிறாக இருந்தால் அந்த எண்ணை எடு, இல்லாவிட்டால் விடு, எடுத்ததைக் கூட்டு, அதற்கு ஞாயிறு என்று பெயர் வை. அப்படியே திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று. ஒவ்வொரு ஷெட்டுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டு முடித்தால், சிதறிக் கிடந்ததெல்லாம் அதனதன் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓடவிட்டதும் திரையில் பட்டியல் குட்டையாகி அகலமாகி நின்றது. அன்புச்செல்வி தனியாக இருந்ததால் தாராளமாகச் சிரித்துக்கொண்டாள்.

முதல் தாளைக் காளியண்ணன் ஆசையாக வாங்கினார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா அங்கங்க ஒண்ணுமில்லாம இருக்குதே. பல்லு போன வாயாட்டம்.”

சில நாள் டவர் கிடைக்காமல் எண்ணிக்கை வராது. அந்தக் கட்டங்கள்தான் காலியாக நின்றன. அன்புச்செல்வி தன் இடத்துக்குத் திரும்பி, கேள்வியில் ஒரு வார்த்தை சேர்த்தாள். கட்டம் காலியாக இருந்தால் பூஜ்யம் போடு. அவசரத்தில் செய்யவில்லை. நிதானமாக, மிக்சரைக் கொறித்துக்கொண்டேதான் செய்தாள். தப்பெல்லாம் அவசரத்தில்தான் நடக்கும் என்று நினைப்பவர்கள் ஆபீசில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். தாள் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பழைய வாரங்களையும் சேர்த்து அச்செடுத்துக் கொடுத்தாள்.

காளியண்ணன் தாள்களை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு சூப்பர்வைசர் ஈஸ்வரைக் கூப்பிட்டு, ஏழாம் ஷெட், எட்டாம் ஷெட் மேல் விரலை வைத்தார். எல்லா வாரமும் வெள்ளிக்கிழமை பூஜ்யம். சனிக்கிழமை மற்ற நாளைப்போல் இரண்டு மடங்கு. மற்ற ஷெட்டுகளில் அப்படி எதுவும் இல்லை.

“வெள்ளிக்கெழம சாயங்காலம் என்ன பண்றோம்?” என்று கேட்டார்.

“தொட்டி கழுவறோமுங்க. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அந்தத் தண்ணியப் பூராவும் வெளிய உட்டுப்போட்டு, நல்ல தண்ணி ஏத்தி மருந்து கலக்கோணும்.”

“ஏழுலயும் எட்டுலயும் யாரு?”

“சின்னுசாமிங்க.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  சின்னுசாமி ஒரு காலத்தில் மொடாக்குடியன். ஒருமுறை குடித்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவின தண்ணீரை வெளியே விடாமலேயே கோழிகளுக்குக் குழாயைத் திறந்துவிட்டுப் படுத்துக்கொண்டவன். போன பங்குனி மாரியம்மன் நோம்பியிலிருந்து அவன் குடிப்பதில்லை. பண்ணையே அதை ஆச்சரியமாகப் பேசியது. அவனும் அவன் மனைவி ராமாயியும் இரண்டு பிள்ளைகளும் எட்டாம் ஷெட்டுக்குப் பின்னால் வேலையாட்களுக்காகக் கட்டியிருக்கும் லைன் வீட்டில் குடியிருந்தார்கள். செத்ததை எண்ணிப் போனில் போடுவது ராமாயி. தண்ணீர், தீவனம், மருந்து சின்னுசாமி.

அவனை வரச்சொன்னார்கள். வந்து நின்றான்.

“மறுபடியும் ஆரம்பிச்சுட்டயா?” என்றார் காளியண்ணன்.

“இல்லீங்களே.”

“வெள்ளிக்கெழமை நீ தொட்டி கழுவற. ராத்திரியெல்லாம் கோழி அந்தத் தண்ணியக் குடிக்குது. சனிக்கெழம கும்பலாச் சாவுது. வெள்ளிக்கெழம ஒண்ணுகூடச் சாவறதில்ல. இதுக்கு நீயே சொல்லு.”

“வெள்ளிக்கெழமையுஞ் சாவுதுங்க மொதலாளி. நாந்தானுங்க குழிக்குக் கொண்டு போறன்.”

“தாள்ல பூஜ்யம்னு இருக்குதப்பா” என்றான் ஈஸ்வர்.

சின்னுசாமிக்குத் தாளோடு வழக்காடத் தெரியவில்லை. குடிக்கவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். காளியண்ணன் கத்தவில்லை. இந்த வாரத்தோடு வேறு இடம் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அன்புச்செல்விக்கு. அவன் போன பிறகு காளியண்ணன் அவள் பக்கம் திரும்பி, “இத்தன நாளு கண்ணுல படலையே அம்முணி. உன்ற தாளுதான் புடிச்சுக் குடுத்துச்சு” என்றார்.

பாராட்டு கேட்டுச் சந்தோஷப்படாதவர் யார்? அவளும் பட்டாள். ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, குழிக்குக் கொண்டு போகிறேன் என்று அவன் சொன்னது காதில் வந்து நின்றது. பொய் சொல்கிறவன் குடிக்கவில்லை என்பான், மருந்து சரியாகத்தான் கலந்தேன் என்பான். வெள்ளிக்கிழமையும் கோழி சாகிறது என்று ஒரு பொய்யை ஏன் சொல்லப்போகிறான்? அதனால் அவனுக்கு என்ன லாபம்? யோசித்தபடியே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ராமாயி ஆபீசுக்கு வந்தாள். கையில் பண்ணைப் போனும், சுருட்டிக் கட்டின சார்ஜரும்.

“இந்தாங்க அம்முணி. புதுசா வாரவங்களுக்குக் குடுத்துருங்க. நான் நாளைக்குப் போறனுங்க.”

“எந்த ஊருக்குக்கா?”

“வெண்ணந்தூருக்குங்க, எங்கம்மா ஊட்டுக்கு. புள்ளைகளக் கூட்டிட்டுப் போயர்றன்.”

“அவரு?”

“அவரு எங்கியோ போவட்டும்.”

ராமாயி அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் போலிருந்தாள். அன்புச்செல்வி நாற்காலியை இழுத்துப்போட்டாள். அவள் உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அவரு குடிக்கலைன்னுதான சொல்றாரு?”

“முன்னாடியும் அப்பிடித்தானுங்க சொல்லுவாரு. குடிச்சுப்போட்டு வந்து, புள்ளைக தலையில கைய வெச்சுக் குடிக்கலைம்பாரு. நானும் நம்பித் தொலைவன். இப்பத் தாள்லயே வந்துருச்சுங்களே. மனுசன் பொய் சொல்லுவான், தாளு என்னத்துக்குங்க பொய் சொல்லுது?”

 அன்புச்செல்வி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பத்திகளை மூடிவிட்டு, பழைய நீள வரிகளைத் திறந்தாள். ஏழாம் ஷெட்டை மட்டும் எடுத்து மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். புதன் இருந்தது. வியாழன் இருந்தது. அதற்கடுத்த வரி சனி.

அடுத்த வாரம் பார்த்தாள். வியாழன், அப்புறம் சனி. அதற்கடுத்த வாரமும் அப்படியே. எட்டாம் ஷெட்டிலும் அதேதான். வெள்ளிக்கிழமை என்று ஒரு வரியே கிடையாது. ஆனால் ஒரு திங்கட்கிழமை ஏழாம் ஷெட்டில் ஒன்றும் சாகவில்லை. அன்றைக்கு ராமாயி தன் கையால் பூஜ்யம் என்று தட்டியிருந்தாள். இல்லாத நாளில் இல்லை என்று சொல்லத் தெரிந்தவள் அவள். அப்படியானால் வெள்ளிக்கிழமைப் பூஜ்யங்கள் யார் போட்டது?

அன்புச்செல்வி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரிகளில் இல்லாதது கண்ணில் படாது. வியாழனுக்குக் கீழே சனி வந்தால் கண் பாட்டுக்கு இறங்கிப்போய்விடும். பத்தியாக்கினால்தான் காலி தெரியும். அவள் செய்த வேலையின் பயனே அதுதான். அந்தப் பயனைத் தாள் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அவளே அடைத்துவிட்டாள். ராமாயி வெள்ளிக்கிழமை வாயைத் திறக்கவே இல்லை. ஒன்றும் சாகவில்லை என்று அவள் சொன்னதாக இவள் எழுதிவிட்டாள்.

“அக்கா, வெள்ளிக்கெழம நீங்க போன்ல எதுவுமே போடறதில்லையா?”

ராமாயி திடுக்கிட்டாள். “சனிக்கெழம ரெண்டு நாளுதும் சேத்திப் போட்டுருவனுங்க. ஒண்ணுகூட மறைக்கறதில்லீங்க. வாரக் கணக்கு சரியா இருக்குமுங்க.”

“அது தெரியுதுக்கா. ஏன் வெள்ளிக்கெழம போடறதில்ல?”

ராமாயி வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். 

“வேண்டுதலுங்க” என்றாள். “வெளிய சொன்னாப் பலிக்காதும்பாங்க. அவருக்கே தெரியாது. இனி என்ன, பலிக்காமப் போனதுதான. சொன்னா என்ன?”

பிறகு சொன்னாள். அவன் குடியை விட்ட அன்றைக்கு மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டாளாம். வெள்ளிக்கிழமைகளில் சாவு என்கிற சொல்லைத் தன் கையால் எழுதுவதில்லை, தன் வாயால் பேசுவதில்லை என்று. வீட்டில் அமங்கலம் வேண்டாம், அவன் இப்படியே இருந்துவிட வேண்டும் என்று.

“செத்த கோழிய எடுத்துத்தானுங்க ஆவோணும், அது பொழப்பு. எழுதறதும் எழுதாததும் நம்ம கையிலதான இருக்குது? அதான் அன்னிக்கு அந்தப் போனையே தொடறதில்லீங்க.”

அன்புச்செல்வி ஒரு வாரத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். ஏழுக்கும் எட்டுக்கும் நேராக வெள்ளிக்கிழமைக் கட்டங்களைத் தொட்டுக் காட்டினாள்.

“இந்தப் பூஜ்யம் நீங்க போட்டதில்லைக்கா, நான் போட்டது. சும்மா கெடந்த கட்டத்துல போட்டுட்டேன். நீங்க ரெண்டு நாளுக்குச் சேத்திப் போட்டது சனிக்கெழமையில வந்துருச்சு. அதப் பாத்துத்தான் வெள்ளிக்கெழம நல்லா இருந்த கோழி, அவரு தண்ணியக் குடிச்சுச் சனிக்கெழம செத்துச்சுன்னு நெனச்சுட்டாங்க.”

ராமாயிக்குப் புரியச் சற்று நேரமானது. எண்களைப் பார்த்தாள். விரலை வெள்ளியிலிருந்து சனிக்கு நகர்த்தினாள்.

“அப்பச் சனிக்கெழம அத்தன சாவலைங்களா?”

“இல்லக்கா.”

“அப்ப அவரு குடிக்கலைங்களா?”

“நான் அதச் சொல்ல முடியாதுக்கா. ஆனா குடிச்சாருன்னு இந்தத் தாளு சொல்லல.”

ராமாயி நாற்காலியை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எந்த வாய்க்காக வேண்டிக்கொண்டாளோ அந்த வாயையே நம்பாமல், இரண்டு நாளாக அவனுக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறாள். பிள்ளைகளை அவன் பக்கத்தில் போகவிடவில்லை. அவள் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அன்புச்செல்வி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். 

காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்ற எண்ணமும் அவளுக்கு வந்தது. கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று சொன்னால் காளியண்ணன் துருவிக் கேட்கப்போவதில்லை. கம்ப்யூட்டர்மேல் போடாத பழி உலகத்தில் எதுவும் இல்லை. ஆனால் எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறவளை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. கேள்வியிலிருந்து அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு எல்லா வாரத்தையும் மறுபடியும் அச்செடுத்தாள். ராமாயியையும் கூட்டிக்கொண்டு காளியண்ணன் அறைக்குப் போனாள். ஈஸ்வரும் அங்கே இருந்தான்.

அவர் புதுத் தாள்களைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்குக் கீழே ஏழிலும் எட்டிலும் வாரம் தவறாமல் வெறுங்கட்டம்.

“அந்தப் பூஜ்யமெல்லாம் நான் போட்டதுங்க. எண்ணிக்கை வரலைன்னுதான் காலியா இருந்துது. நீங்க நல்லா இல்லைன்னு சொன்னீங்க, நான் ரொப்பிட்டேன். தப்பு என்னோடதுங்க.”

காளியண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். “என்ற பண்ணையில கோழிதான் முட்ட போடும்னு நெனச்சேன். நீ அதுகளுக்கு மேல போட்டு வெச்சிருக்கறயே அம்முணி.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ராமாயியைப் பார்த்து, “நீ ஏன் வெள்ளிக்கெழம போடல?” என்றார். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வேண்டுதலைச் சொன்னாள். ஈஸ்வர் உடனே, “இதென்னக்கா, வேலை வேற, சாமி வேற. அன்னன்னைக்குப் போடச் சொன்னா அன்னன்னைக்குப் போடோணும்” என்று ஆரம்பித்தான்.

“இருப்பா” என்றார் காளியண்ணன். “கழிச்ச கோழிய ஏத்தற லாரிய நம்ம என்னைக்காச்சும் வெள்ளிக்கெழம உள்ள உட்டிருக்கறமா?”

“இல்லீங்க” என்றான் ஈஸ்வர். முட்டை குறைந்த கோழிகளைக் கறிக்கு விற்பதற்கு வெள்ளிக்கிழமை லாரி வரவே கூடாது என்பது அந்தப் பண்ணையில் எழுதாத சட்டம். காளியண்ணனின் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. அந்தச் சட்டத்தைக் காப்பாற்றி வருபவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அதே மாதிரி ஒன்றைத் தனக்காகப் போட்டுக்கொண்டவள் நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று அன்புச்செல்விக்குத் தோன்றியது. காளியண்ணனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். ஆளை வரச்சொல்லாமல் அவரே நடந்து போனது அன்றைக்குத்தான். இரண்டு பெண்களும் பின்னாலேயே போனார்கள்.

சின்னுசாமி லைன் வீட்டு வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். முதலாளி வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றான். காளியண்ணன் சுற்றி வளைக்கவில்லை.

“தப்பு எங்க மேல சாமி. கணக்கத் தப்பாப் படிச்சுப்போட்டோம். நீ எங்கியும் போவேண்டாம், சாக்க அவுத்துரு.”

அன்புச்செல்வி நடந்ததை அவனுக்கு விளங்கும்படி சொன்னாள். வேண்டுதலைப் பற்றிச் சொல்லும்போது ராமாயியைப் பார்த்தாள், அவள் தடுக்கவில்லை. சின்னுசாமி எல்லாவற்றையும் கேட்டான். முகத்தில் சந்தோஷம் வரவில்லை. சரிங்க மொதலாளி, இருந்துக்கறனுங்க என்றான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான். முதலாளி நிற்பதையே மறந்துவிட்டவன் போலிருந்தான்.

“குடிச்சுப்போட்டு வந்து குடிக்கலைன்னு சொன்னன். வருசக்கணக்கா நம்புன. குடிக்காம வந்து குடிக்கலைன்னு சொன்னன். ஒரு நாளுகூட நம்பலையே புள்ள.”

 ராமாயி மன்னிப்புக் கேட்பாள் என்று அன்புச்செல்வி எதிர்பார்த்தாள். அவள் கேட்கவில்லை.

“பொய் சொல்லையில எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுவீங்க” என்றாள். “இந்தத் தடவ தலையக் குனிஞ்சுக்கிட்டே சொன்னீங்க. தெம்பா நிமுந்து சொல்லீருந்தா நம்பீருப்பன். நெசத்த யாராச்சும் அப்பிடிச் சொல்லுவாங்களா?”

அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. இத்தனை காலமும் பொய்யைத்தான் துணிச்சலாகச் சொல்லிப் பழகியிருக்கிறான். உண்மையைச் சொல்லும்போது, இவன் சொன்னால் யார் நம்புவார்கள் என்ற எண்ணமே கழுத்தை வளைத்துவிட்டிருக்கிறது. சின்னுசாமி கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான். தலையை நிமிர்த்தி அவள் கண்ணைப் பார்த்தான். பார்ப்பதற்குள் அவன் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் குனியவில்லை.

“நான் குடிக்கல, ராமாயி.”

காளியண்ணன் ஷெட்டைப் பார்த்து நடந்தார். அன்புச்செல்வியும் அவர் பின்னாலேயே போனாள். ராமாயி என்ன பதில் சொன்னாள் என்பது அவர்களுக்குக் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, கட்டி வைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.